இருநூற்றுப் பதின்மூன்றாம் மரம்

இருநூற்றுப் பதின்மூன்றாம் எண் ஒரு மரம் இல்லை என்பது, அதற்கு எண் போட்டு ஒன்பது நாள் கழித்து, அது பால் கடைக்கு எதிரே வந்து நின்றபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. முந்தின நாள் மாலை வரை அது ஐந்து கிலோமீட்டர் தள்ளி, சாலையின் இடது ஓரத்தில் நின்றிருந்தது. பட்டையில் வெள்ளைச் சுற்று, அதன் மேல் சிவப்பு எண். மற்ற மரங்களுக்குப் போட்ட அதே பெயின்ட், அதே கையெழுத்து. பால் வாங்க வந்தவர்கள் வரிசை கலையாமல் அண்ணாந்து பார்த்தார்கள். வரிசையை விட்டால் இடம் போய்விடும். பால் கடைக்காரர் மட்டும் வெளியே வந்து, "இனிமே பால் வண்டி எங்க நிக்கும்?" என்று அதனிடமே கேட்டார். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள்.

எண் போட்டவள் சாலை அலுவலகத்தின் அளவுக்காரி. பதினான்கு கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். இரண்டு ஓரத்திலும் வெட்ட வேண்டிய மரங்களை அளந்து, எண் போட்டு, பட்டியல் எழுதித் தருவது அவள் வேலை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. தாவரவியல் படித்துவிட்டு மூன்று வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். அளவுநாடாவை எப்போதும் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு டேப்பு என்று பெயர். அவள் பேசினால் எதிரே நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். "டேப்பு, சவுண்டு கொஞ்சம் ஏத்து" என்று பியூன் வரைக்கும் கிண்டல் செய்வார்கள். பட்டியல் பிழையில்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால், அண்ணன் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அவள் படுத்திருக்கும் அறையும் நிரந்தரம். அந்த அறையில் வாஷிங் மெஷின் வைக்க அண்ணி வெகு நாளாக நினைத்திருந்தாள். "வேலை போச்சுன்னா முன்கூட்டியே சொல்லிடும்மா, ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டேன்" என்று சொல்லி, பிளம்பரைக் கூட்டிவந்து குழாயும் போட்டுவிட்டாள். அளவுக்காரியின் கால்மாட்டில், சுவரிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் காலை மடக்கிப் படுத்துப் பழகினாள்.

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது விதி. அளவுக்காரி அந்த உயரத்தை மட்டுமே பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவளை, "ரசிக்கிறதுக்கா வந்தீங்க?" என்று பொறியாளர் எல்லோர் முன்னாலும் கேட்டதிலிருந்து அந்தப் பழக்கம். இருநூற்றுப் பதின்மூன்றுக்கு வந்தபோது நாடாவைச் சுற்றிப் பிடித்தாள். நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது. எழுதப் போனவள் மறுபடி பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்று. இன்னொரு தரம் பார்த்தாள், மறுபடி நூற்றுத் தொண்ணூறு. நாடா தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். அளவு இப்படி மாறினால் சராசரி எடுக்க வேண்டும் என்று கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்று ஒன்றரை என்று எழுதினாள். அந்த மூன்று சென்டிமீட்டர் ஒரு மூச்சு. அவள் அதற்குச் சராசரி எடுத்துவிட்டாள். இனம் என்ற பத்தியில், இருபக்கமும் நின்றவை தூங்குமூஞ்சி மரங்களாக இருந்ததால், தூங்குமூஞ்சி என்றே போட்டாள். மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

வெட்டு முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்கியது. நிழல் போன இடத்துக்கெல்லாம் அது வந்து நின்றது. நடந்ததை யாரும் பார்த்ததில்லை. நேற்று இங்கே இருந்தது, இன்று அங்கே இருந்தது, அவ்வளவுதான். விட்டுப்போன இடத்தில் வாளி அகலத்தில் இரண்டு குழிகள் இருக்கும். சாலை அலுவலகம் அவற்றை வழக்கமான சாலைப் பள்ளங்கள் என்று பதிவு செய்து, வழக்கம்போலவே மூடாமல் விட்டது. ஆளுக்கொரு கதை கிளம்பியது. அது தன்னை ஓவர்டேக் செய்ததாகவும், செய்யும்போது இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி மரியாதை காட்டியதாகவும் ஒரு லாரி டிரைவர் எல்லா டீக்கடையிலும் இறங்கிச் சொன்னார். ஒரே வண்டியை அது மூன்று முறை பார்த்தால் டயர் வெடிக்கும் என்றார் பஞ்சர் கடைக்காரர். அவர் வேறு என்ன சொல்வார். பொய் சொல்கிற பிள்ளைகளின் நெற்றியில் அது ராத்திரி வந்து எண் போடும் என்று பள்ளிக்கூட ஆசிரியை சொல்ல, ஒரு வாரம் பிள்ளைகள் உண்மையே பேசினார்கள். அதில் மூன்று வீடுகளில் சண்டை வந்து, ஆசிரியையை அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். உண்மையில் அது யாரையும் எதுவும் செய்யவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நிற்பவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மேலே இலைகள் என்று எல்லோரும் நினைத்திருந்தவை இலைகள் இல்லை. உள்ளங்கை அளவு காதுகள், ஆயிரக்கணக்கில். வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவற்றைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது.

பயம் பத்து நாளில் தெளிந்தது. பயம் தெளிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். முதலில் பைகளை மாட்டினார்கள். பிறகு ஒருவன் தன் பெயரையும் இன்னொருத்தியின் பெயரையும் கத்தியால் கீறினான். டியூஷன் சென்டர்காரர் ஏணி வைத்து ஏறித் தகரப் பலகையை ஆணியடித்து மாட்டினார். அடுத்த நாள் அது வேறு நிறுத்தத்துக்குப் பலகையோடு போய் நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நடக்கிற போர்டுங்க! எவனுக்கு வாய்க்கும்?" என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்து வீடு வாடகைக்கு விடுபவர், மூட்டுவலித் தைலம் விற்பவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் எல்லோரும் ஏணியோடு வந்தார்கள். ஆணி இறங்கும்போது அது அத்தனை காதுகளையும் மூடிக்கொள்ளும். அப்போது நிழல் போய்விடும். நிழலில் நின்றவர்கள், "சீக்கிரம் அடிங்க சார், வெயில் தாங்கல" என்பார்கள்.

அளவுக்காரிக்கு அதைப் பார்த்து வந்த முதல் பயம், எண் தன் இடத்தில் இல்லையே என்பதுதான். பட்டியலையும் தூக்கிக்கொண்டு தேடிப்போனாள். பஸ் நிறுத்தத்தில் அதைக் கண்டுபிடித்து, ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டரில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு மூன்று வருடத்தில் முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். வெகு உயரத்தில், சாம்பல் சுருக்கங்களுக்கு நடுவே, இரண்டு சின்னக் கண்கள் திறந்திருந்தன. டிரைவிங் ஸ்கூல்காரர் அப்போது ஏணியில் இருந்தார்.

"சார், அதுக்கு வலிக்குது சார்."

"என்னம்மா? சத்தமா சொல்லு."

"வலிக்குது. அது மரமில்ல."

"மரமில்லதான், யாரு இல்லன்னா? ஆனா மனுஷனும் இல்லல்ல?" என்றார் அவர், வாயில் ஆணியைக் கடித்தபடி. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லாததால் அவள் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள்.

அதன் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட்டம் இல்லாத நிறுத்தமாகப் பார்த்து அது நிற்கும். அவள் அலுவலகத்துக் கருவிப்பெட்டியிலிருந்து குறடு எடுத்துக்கொண்டு போவாள். ஒரு நாளைக்கு ஒரு ஆணிதான் முடிந்தது. பலகையை அப்படியே மரியாதையாகக் கீழே சாய்த்து வைப்பாள். மொத்தம் பன்னிரண்டு ஆணிகள். பதினொன்று வந்தன. பன்னிரண்டாவது, தலை ஒடிந்து உள்ளேயே போனது, எண்ணுக்குக் கீழே எங்கோ இருந்தது, குறட்டுக்குச் சிக்கவில்லை. ஒரு நாள் அது எந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அவள் வெறும் சாலையில் நின்று, தனக்குள் சொல்வது மாதிரி, "இருநூத்திப் பதிமூணு" என்றாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றது. அவள் பேசியபோது அது குனிந்தது. காதுகள் அத்தனையும் அவள் வாய்ப்பக்கம் திரும்பின. இருபத்தாறு வருடத்தில் அவள் சொல்வதைக் கேட்க யாரும் குனிந்ததில்லை. வீட்டில், "என்ன முணுமுணுப்பு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார்கள். குழாயைப் பற்றிச் சொன்னாள். பியூனைப் பற்றிச் சொன்னாள். சராசரி எடுத்த கதையைச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. நாடாவைச் சுற்றிப் பார்த்தாள்: நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூற்று மூன்று, நூற்றுத் தொண்ணூறு. பேசி முடிக்கும் வரை அந்த ஏற்ற இறக்கம் மாறவே இல்லை.

வேனல் முடிவதற்குள் நானூற்றுப் பதினொரு மரங்கள் வெட்டி முடிந்தன. வெட்டுக்காரர் இரண்டு முறை ஆட்களோடும் இயந்திர ரம்பத்தோடும் இருநூற்றுப் பதின்மூன்றைத் தேடிப் போனார். இரண்டு முறையும், ரம்பத்தைக் கிளப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே இரண்டு குழிகள்தான் இருந்தன. "நான் ஒப்பந்தம் போட்டது நிக்கிற மரத்துக்கு. ஓடுற மரத்துக்கு வேற ஆளைப் பாருங்க" என்று அவர் எழுதியே கொடுத்துவிட்டார். பொறியாளர் அளவுக்காரியைக் கூப்பிட்டார். மேசையில் பட்டியலின் மூன்று பிரதிகளும் இருந்தன.

"லிஸ்ட்ல நானூத்திப் பன்னெண்டு. தரையில நானூத்திப் பதினொண்ணு. ஒண்ணு எங்க?"

"சார், அது மரமில்ல சார்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சார்."

"இதுல மரம்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"ரெண்டு பேரும் நீங்களே. நான் யாரை நம்புறது?" அவர் கோபப்படவில்லை. பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார். "அது மரம்னா, வெட்டணும். மரம் இல்லன்னா, உங்களுக்கு மரமே தெரியல. தெரியாதவங்களை வச்சு ஆபீஸ் என்ன பண்ணும்? யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்கம்மா. அவசரம் இல்ல. நாளைக்குக் காலையில சொன்னா போதும்."

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அறைவாசலில் பெரிய அட்டைப்பெட்டி நின்றது. வாஷிங் மெஷின் வந்துவிட்டது. உள்ளே போக ஒருக்களித்து நுழைய வேண்டியிருந்தது. "ஆஃபர்ல கிடைச்சுதும்மா, அதான். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே" என்றாள் அண்ணி. அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆபீஸ்ல என்னவோ பிரச்சினையாமே" என்று போனிடமே கேட்டான். பியூனின் மனைவியும் அண்ணியும் ஒரே தையல்கடைக்குப் போகிறவர்கள். "ஒண்ணுமில்ல" என்றாள் அளவுக்காரி. அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலை, அது மரம்தான், கூப்பிட்டால் வரும் என்று பொறியாளரிடம் சொன்னாள். பதினொன்றேகாலுக்கு, அது முதலில் நின்ற இடத்துக்கே அவளை ஜீப்பில் கூட்டிப்போனார்கள். பழைய குழிகள் இரண்டும் அப்படியே இருந்தன. இருபக்கமும் மொட்டையாக, வெயில் கண்ணைக் குத்தியது. வெட்டுக்காரரும் ஆட்களும் ரம்பத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் அவள் கையில் மெகாபோனைக் கொடுத்தார். அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாக, "இருநூத்திப் பதிமூணு" என்றாள். ஜீப் டிரைவருக்குக்கூடக் கேட்கவில்லை. அது குழிகளில் காலை வைத்து, வெட்கப்படுகிற மாதிரி இரண்டு முறை அசைந்து, நேராக நின்றது. எல்லோர் மேலும் நிழல் விழுந்தது. பொறியாளர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"அளவைச் சரிபாருங்க" என்றார் அவர். வெட்டும் முன் அளவு பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் விதி. அவள் நாடாவைச் சுற்றினாள். இருநூற்று ஏழு காட்டியது. ஆட்களின் வாசனை அதற்குத் தெரிந்திருந்தது. "ஒத்துப்போகலியே" என்றார் பொறியாளர். அவள் நாடாவை விடாமல், நெற்றியைப் பட்டையில் சாய்த்துக்கொண்டு நின்றாள். இருநூற்று இரண்டு. நூற்றுத் தொண்ணூற்று எட்டு. யாரும் அவசரப்படுத்தவில்லை, வெட்டுக்காரர் ஒரு பீடி முடித்தார். பிறகு நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூற்று மூன்று, நூற்றுத் தொண்ணூறு. அவள் சராசரியைச் சொன்னாள். பொறியாளர் டிக் அடித்தார்.

ரம்பம் நான்கு விரற்கடை இறங்கியதும் பன்னிரண்டாவது ஆணியில் மாட்டிச் சங்கிலி அறுந்தது. வேறு சங்கிலி ஜீப்பில் இருந்தது. எடுத்துவந்து மாட்ட ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடத்தில் அது போயிருக்கலாம். குழிகளில் கால் வெறுமனேதான் இருந்தது. வெட்டுக்காரர் அவள் காதருகே வந்து, "பேச்சுக் கொடும்மா, நகர்ந்துடப்போகுது" என்றார். அதற்குள் அதுவே குனிந்துவிட்டது. ஆயிரம் காதுகளும் அவள் வாய்க்குப் பக்கத்தில் வந்து விரிந்து நின்றன. சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. ஒரு சொல் போதும், அது ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றிருக்கும்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அது நம்பியது. நிமிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது சங்கிலி அறுபடவில்லை.

உள்ளே வளையங்கள் இல்லாததால் வயது என்ற பத்தியை அவள் காலியாக விட்டாள். பொறியாளர் அதில் "ஏறத்தாழ நாற்பது" என்று நிரப்பினார். துண்டுகளைக் கிடங்கில் மற்ற மரங்களோடு அடுக்கினார்கள். மூன்று நாள் அவை மெதுவாக விரிந்தும் சுருங்கியும் கொண்டிருந்தன. அடுக்கு சரிந்துவிடும் என்று கிடங்குக் காவலாளி கயிறு போட்டு இறுக்கினார். நான்காம் நாள் அசைவு நின்றது. அதே வாரம் அவளுக்கு நிரந்தர ஆணை வந்தது. பியூன் அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தான். வாஷிங் மெஷினை அண்ணி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கூடத்தில் வைத்தாள். கால்மாட்டுக் குழாயை மட்டும், இருக்கட்டும், எப்பவாவது உதவும் என்று விட்டுவிட்டாள். அது சொட்டும்.

கிடங்கில் அசைவு நின்ற அன்றே, காலை எட்டரை மணிக்கு, நிழல் வந்தது. நான்காவது நிறுத்தத்தில், மேலே எதுவும் இல்லாத வெட்டவெளியில், பதினைந்து பேர் நிற்கும் அளவுக்கு வட்டமாகத் தரையில் கிடந்தது. நடுவே பதினொரு சின்ன வெளிச்சப் புள்ளிகள் இருந்தன. முதல் நாள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர் காலை வைத்துப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்கு" என்றார். மூன்றாம் நாள் இடத்துக்குச் சண்டை போட்டார்கள். இப்போது பள்ளிப் பிள்ளைகள் முதல் நிறுத்தத்தில் நிற்கும் நேரத்துக்கு அது அங்கே இருக்கும். எட்டரைக்கு நான்காவதற்கு வந்துவிடும், மதியம் பால் கடைப் பக்கம் போகும். ஐந்து நிமிடம் தாமதமானால் சாலை அலுவலகத்துக்குப் புகார் வருகிறது. டியூஷன் சென்டர்காரருக்குத்தான் வருத்தம். நிழலில் ஆணி இறங்கவில்லை.

அளவுக்காரியின் நிறுத்தமும் நான்காவதுதான். அவள் முதல் முறை போய் நின்றபோது நிழல் அவள் காலடியிலிருந்து விலகி, நான்கு எட்டுத் தள்ளிப் போனது. நின்றவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். அவளும் இரண்டு எட்டு வைத்தாள். அது இன்னும் நான்கு எட்டுப் போனது. ஒரு வாரம் இப்படியே நடந்தது. அவள் வரும்போதெல்லாம் அத்தனை பேரும் வெயிலில் வரிசையாக நகர வேண்டியிருந்தது. ஒரு நாள் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி பொறுக்காமல், "ஏன்க்கா, கொஞ்சம் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்களேன். உங்களால எல்லாரும் காயுறோம்" என்றாள். கேட்டதில் நியாயம் இருந்தது. அளவுக்காரி சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கே நின்று, ஒரே ஒரு முறை, தனக்குள் சொல்வது மாதிரி அந்த எண்ணைச் சொன்னாள். நிழல் அசையவில்லை. ஆனால் அதற்குள்ளிருந்த பதினொரு வெளிச்சப் புள்ளிகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டதைக் குழந்தைக்காரி பார்த்திருக்கிறாள்.

முதல் சில மாதம் கண்டக்டர் சலித்துக்கொண்டார். நிழலில் நின்றவர்களை ஏற்றியபின் சாலையின் எதிர்ப்பக்கம் தனியாக ஓர் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி மனு கொடுத்து, சரிசெய்துவிட்டார்கள். இப்போது பேருந்துக் கால அட்டவணையில் நான்காவது நிறுத்தத்துக்கு இரண்டு நேரங்கள் அச்சடித்திருக்கிறது. நிழலுக்கு எட்டு நாற்பது. அவளுக்கு எட்டு நாற்பத்தொன்று.